அரசன் முழுகாத ஆறு

ஆத்தூர் காமராசர் அணையின் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே, தென்னந்தோப்புகள் முடியும் இடத்தில் சமவெளி தொடங்குகிறது. பழனிமலையில் பெய்யும் மழையைத் தேக்கிவைக்கும் இந்த அணையின் தண்ணீரைக் குடித்துத்தான் திண்டுக்கல் நகரம் வளர்ந்தது. மிச்சம் குடகனாறாக வடக்கே இறங்கி, கரூர்ச் சீமையில் அமராவதியோடு சேர்கிறது. நல்ல மழை பெய்த வருஷத்தில்தான் அது ஆறு. மற்ற நாட்களில் மணலும் கோரையும் சீமைக் கருவேலமும்தான்.

நான் இந்தக் கரைக்கு வந்தபோது மனத்தில் இன்னோர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய உக்ரைன் நாட்டின் நடுவே பாயும் தினீப்பர் ஆறு. 988ஆம் ஆண்டில், கீவ் நகரத்தை ஆண்ட விளாதிமிர் என்ற சிலாவிய அரசன், தன் குடிமக்கள் அத்தனை பேரையும் அந்த ஆற்றில் இறங்கச் சொன்னான். ஏழையோ பணக்காரரோ, வராதவர் தனக்குப் பகைவர் என்று ஆள் விட்டு அறிவித்தான். சனங்கள் இறங்கினார்கள். கழுத்தளவு நீரில் சிலர், மார்பளவில் சிலர், கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி கரையோரமாகச் சிலர். குருக்கள் கரையில் நின்று மந்திரம் சொன்னார்கள். ஒரு பகலில் ஒரு நகரம் கிறிஸ்தவமானது.

அதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே விளாதிமிர்தான் அரண்மனைக்கு அருகே குன்றின்மேல் பெரூன் என்ற இடிக்கடவுளுக்கு மரச்சிலை வைத்தவன். வெள்ளித் தலையும் பொன் மீசையும் கொண்ட சிலை. அதைக் குதிரை வாலில் கட்டி இழுத்துவரச் செய்து, பன்னிரண்டு ஆட்களை விட்டுத் தடியால் அடிக்கவைத்து, ஆற்றில் தள்ளினான். சிலை மிதந்து போவதைப் பார்த்துச் சனங்கள் அழுததாக அந்நாட்டின் பழைய வரலாற்று ஏடு சொல்கிறது. பிறகு பெரிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பிடித்துவந்து ஏடு படிக்க அனுப்பினான். அப்போது தாய்மார்கள் பிள்ளை செத்ததுபோல அழுதார்கள் என்றும் அதே ஏடு எழுதிவைத்திருக்கிறது. அந்த ஏட்டை எழுதியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். தங்கள் மதத்தின் வெற்றியைச் சொல்லும் இடத்தில் அந்த அழுகையையும் மறைக்காமல் எழுதிய அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

விளாதிமிர் முழுகியதற்கு அரசியல் காரணமும் இருந்தது. பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் பசிலுக்கு எதிராக அவன் தளபதிகளே கலகம் செய்தார்கள். பசிலுக்குப் படை வேண்டும். விளாதிமிருக்குப் பேரரசின் சம்பந்தம் வேண்டும். பசிலின் தங்கை அன்னாவைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் மாப்பிள்ளை கிறிஸ்தவனாக வேண்டும். ஆனான். அதற்குமுன் அவனுக்கு மனைவியர் பலர். அந்தப்புரப் பெண்களின் கணக்கை ஏடு நூற்றுக்கணக்கில் சொல்கிறது. அவர்கள் எல்லோரும் ஒரு நாளில் மனைவியர் அல்லாதவர்கள் ஆனார்கள். இந்த ஒரு விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுநூறு ஆண்டு கழித்து, நம் மறவர் சீமையில் இதே விஷயம் ஒரு தலையை வாங்கியது.

ஆத்தூரிலிருந்து செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையிலும், அதிலிருந்து பிரியும் கிளைச்சாலைகளிலும், ஊருக்கு ஊர் வேதக்கோயில்கள் இருக்கின்றன. வக்கம்பட்டி, பஞ்சம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கம் சிலுக்குவார்பட்டி, வடக்கே மாரம்பாடி, கிழக்கே கொசவபட்டி. இவை ஆங்கிலேயர் கட்டிய மலைவாழிட ஊர்கள் இல்லை. கடலோரத்துப் போர்ச்சுகீசியக் கோட்டைகளும் இல்லை. பருத்தியும் சோளமும் திராட்சையும் பூவும் விளையும் உழவர் ஊர்கள். கடல் இங்கிருந்து வெகுதூரம். எந்த விளாதிமிர் இவர்களைக் குடகனாற்றில் இறக்கினான்?

என். பஞ்சம்பட்டியில், கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதையே கேட்டேன்.

“அய்யா, உங்க ஊரு எந்த ராசா காலத்துல வேதத்துக்கு வந்துச்சு?”

அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். “ராசாவா? ராசாவுக்கும் இதுக்கும் என்னப்பா? எங்க பாட்டன் பூட்டன் காலத்துல உபதேசியார் வந்து செபம் சொல்லிக் குடுத்தாரு. பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த ஊரெல்லாம் ஒண்ணா வந்துச்சு. சாமியாரு வருசத்துக்கு ஒருவாட்டி வருவாரு, பூசை வைப்பாரு, போயிருவாரு. மத்த நாளெல்லாம் உபதேசியார்தான்.”

நான் நூலகங்களில் தேடிப் படித்தவை எல்லாம் இந்தப் பதிலைத்தான் உறுதிப்படுத்துகின்றன. தமிழ்நாட்டில் கிறிஸ்தவம் பரவிய கதையில் முழுகிய அரசன் இல்லை. அனுமதி கொடுத்த அரசர்கள் உண்டு, சிறை வைத்தவர்கள் உண்டு, தலை எடுத்தவர்கள் உண்டு, தேர் செய்து கொடுத்தவர்களும் உண்டு. ஆற்றில் இறங்கியவர்கள் சனங்கள்தான். அவர்களும் நாடு நாடாக இறங்கவில்லை, சாதி சாதியாக, சம்பந்தம் கலந்த ஊர் ஊராக இறங்கினார்கள். இதன் நன்மையையும் கேட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணத்தையே தொடங்கினேன்.

திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறியது வெயில் தாழ்ந்த பிறகு. பாறையில் செதுக்கிய படிகள் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன. 1605இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் இந்தக் கோட்டையைத் தொடங்கினார். பிறகு மைசூர்ப் படை வந்தது, ஹைதர் அலி வந்தார், வெள்ளையர் வந்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. பேகம்பூர்ப் பள்ளிவாசல், அபிராமி அம்மன் கோயில் பக்கத்து நெரிசல், 1866 முதல் 1872 வரை கட்டப்பட்ட புனித சூசையப்பர் கோயில். 2003இல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனபோது அதுவே பேராலயம் ஆனது.

கோட்டைக்குக் கல் வைத்த அதே 1605இல்தான் இத்தாலியப் பிரபு குடும்பத்து இளைஞர் ஒருவர் கோவாவில் கப்பலிலிருந்து இறங்கினார். பெயர் ராபர்ட் தெ நொபிலி. மறு ஆண்டு மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு போர்ச்சுகீசியச் சாமியார் இருந்தார். கடற்கரையிலிருந்து வந்து மதுரையில் தங்கியிருந்த பரதவர்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தார். மதுரைக்காரர் ஒருவரும் அவரிடம் சேரவில்லை. மாட்டிறைச்சி, மது, காலில் தோல் செருப்பு. அவர் சொன்ன தெய்வத்தைச் சனங்கள் அந்தப் பழக்கங்களோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். நொபிலி காவி கட்டினார், பாதக்குறடு போட்டார், ஒருவேளை மரக்கறிச் சோறு உண்டார், சமஸ்கிருதமும் தமிழும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் ஆயிற்று. சேர்ந்தவர்களைப் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள விட்டார். சொந்த இயேசு சபைக்காரர்களே அவர்மேல் ரோமுக்குப் புகார் எழுதினார்கள். பத்து ஆண்டுக்கு மேல் வழக்கு நடந்தது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, அவை குலவழக்கமாக இருக்கும்வரை தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

கோட்டைச் சுவரில் சாய்ந்திருந்தபோது எனக்குப் பல்கேரிய அரசன் போரிஸ் நினைவுக்கு வந்தான். விளாதிமிருக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தவன். 864ஐ ஒட்டி முழுகியவன். முழுகிய பிறகுதான் அவனுக்குச் சந்தேகங்கள் எழுந்தன. 866இல் போப் முதலாம் நிக்கோலசுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பினான். 106 பதில்கள் வந்தன, இன்றும் இருக்கின்றன. எங்கள் ஆணும் பெண்ணும் கால்சட்டை அணிகிறோம், பாவமா? புதன், வெள்ளியில் குளிக்கக்கூடாது என்று கிரேக்கர்கள் சொல்கிறார்களே, சரியா? போருக்குப் போகும்போது கொடியாகக் குதிரைவாலைக் கட்டுவோமே, இனி என்ன கட்டுவது? போப் பொறுமையாகப் பதில் எழுதினார். கால்சட்டை உங்கள் விருப்பம், குளியுங்கள், குதிரைவாலுக்குப் பதில் சிலுவையைப் பிடியுங்கள். ஒரு மதம் புது ஊருக்கு வரும்போது முதலில் வந்து நிற்பவை இந்தக் கேள்விகள்தான். கடவுள் ஒருவரா மூவரா என்பது பிறகுதான் வரும். எதை உடுத்தலாம், எதைத் தின்னலாம், யாரோடு உட்காரலாம் என்பதை முதலில் தீர்க்கவேண்டும்.

பல்கேரியாவில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் அரசன். கேட்பதற்கு முன்பே, மதம் மாற மறுத்துக் கலகம் செய்த பிரபுக்களில் 52 பேரைக் குடும்பத்தோடு கொன்று முடித்திருந்தான். போப்பின் பதில்களில் அதற்கும் கண்டனம் இருக்கிறது. 889இல் அரசைத் துறந்து மடத்துக்குப் போனான். மகன் விளாதிமிர் ரசாத்தே பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தான். 893இல் கிழவன் மடத்தைவிட்டு வெளியே வந்து, பெற்ற மகனின் கண்ணைக் குருடாக்கிச் சிறையில் போட்டு, இளைய மகன் சிமியோனை அரியணையில் உட்காரவைத்துவிட்டு மறுபடியும் மடத்துக்குப் போனான். அவனைப் புனிதராகக் கொண்டாடுகிறார்கள். என்னால் அந்த இடத்தைத் தாண்டிப்போக முடியவில்லை.

ஆனால் அவன் செய்த ஒரு காரியத்துக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. சிலாவிய மொழிக்கு எழுத்துச் செய்த சிரில், மெத்தோடியஸ் சகோதரர்களின் மாணவர்கள் மொராவியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது அவர்களுக்கு இடம் கொடுத்தான். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் தவிர வேறு மொழியில் கடவுளைத் தொழக்கூடாது என்று வாதிட்டவர்கள் இருந்த காலம் அது. ஓகிரிட் ஏரிக்கரையில் கிளெமெந்து என்ற மாணவர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். இன்று ரஷ்யாவும் உக்ரைனும் பல்கேரியாவும் எழுதுகிற எழுத்து அந்தப் பள்ளிகளின் வழியாக வந்ததுதான்.

தமிழுக்கு எழுத்துச் செய்யவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. வந்தவர்கள்தான் தமிழ் கற்கவேண்டியிருந்தது. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், இந்திய மொழி ஒன்றில் நம் எழுத்தில் வந்த முதல் அச்சுப் புத்தகம். அங்கே அரசன் எழுத்தைக் கொடுத்து மதத்தை நட்டான். இங்கே மதம் மொழியின் வாசலில் வந்து நின்று உள்ளே விடச் சொல்லிக் கேட்டது. வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியது அந்த வாசலில் நின்றுதான்.

மறுநாள் முழுவதும் ஊர்களைச் சுற்றினேன். கிறிஸ்தவம் இந்தச் சமவெளியில் எப்படி வேர்பிடித்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் திருவிழாக் காலத்தில் வரவேண்டும். கொடியேற்றம், நவநாள், கடைசி நாள் இரவு மின்விளக்குச் சப்பரத்தில் சொரூபம் தெருத்தெருவாகப் பவனி. கொசவபட்டியில் அந்தோணியார் திருவிழாவுக்கு ஜல்லிக்கட்டு. உயிர்ப்புத் திருவிழாவை ஒட்டிப் பல ஊர்களில் விடிய விடியப் பாஸ்கா நாடகம், அதில் ஏரோதுக்கு ராஜபார்ட் நடை. திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஆகஸ்டில் செபஸ்தியார் திருவிழா. நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்து, வந்தவர் என்ன மதம் என்று கேட்காமல் பல்லாயிரம் பேருக்கு இலை போடுவார்கள். இதில் எதையும் ரோம் கற்றுக்கொடுக்கவில்லை, எந்த அரசனும் ஆணையிடவில்லை. சனங்கள் தங்கள் வாழ்க்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கையோடு சாதியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. நொபிலியின் வழி உயர்சாதிக்காரர்களுக்குப் பிராமண சன்னியாசி, மற்றவர்களுக்கு வேறு ஆள் என்று பிரிந்தது. 1640இல் பல்தசார் தா கோஸ்தா என்ற சாமியார் பண்டார வேடம் பூண்டார். பண்டாரசாமிகள் எல்லாச் சாதியாரையும் சந்திக்கலாம் என்று ஏற்பாடு. தாழ்த்தப்பட்டவர்களை அவர்களும் பெரும்பாலும் இரவில், மறைவாகத்தான் சந்தித்தார்கள். அதன் நிழல் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் நிற்கும் பங்குகள் உண்டு. சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்று சண்டை நடந்து, கோயில் பூட்டப்பட்ட ஊர்களும் உண்டு. ஒரு விளாதிமிர் வந்து எல்லோரையும் ஒரே ஆற்றில் இறக்கியிருந்தால் இது போயிருக்குமா என்று நான் வெகுநேரம் யோசித்தேன். போயிருக்காது. அவன் உடைத்தது சிலையை. பிரபுவையும் அடிமையையும் அவன் கலந்துவிடவில்லை. தடி எடுத்தவன் உடைக்கத் தவறியதை, தடி எடுக்காதவர்கள் உடைக்கவில்லை என்று குறைசொல்லி முடித்துவிட முடியாது. ஆனால் தண்ணீரைத் தலையில் ஊற்றிச் சமம் என்று சொன்னவர்கள், பந்தியிலும் புதைகுழியிலும் அதை நடத்திக் காட்டவேண்டிய கடன் அப்படியே நிற்கிறது.

அரசன் இல்லாமல் வளர்ந்ததன் பலத்தையும் இந்த ஊர்களில்தான் பார்க்கவேண்டும். 1773இல் போப் இயேசு சபையையே கலைத்தார். அந்தச் சபை நடத்திய மதுரை மிஷன் அநாதையானது. கோவாவிலிருந்து எப்போதாவது வந்த சில குருக்களைத் தவிர, 1837இல் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்து சேரும்வரை இந்தச் சமவெளிக்கு நிலையான சாமியார்கள் இல்லை. இரண்டு மூன்று தலைமுறை. நடுவில் ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையும் மாறிமாறித் திண்டுக்கல்லைப் பிடித்த காலம். பல்கேரியாவில் ஓர் அரசன் மடத்துக்குப் போன நான்கு ஆண்டுகளில் மதமே ஆட்டம் கண்டது. இங்கே உபதேசியார்கள் ஏட்டில் எழுதிய செபங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மானைப் பாட்டில் புனிதர் கதையைப் பாட்டிகள் பேத்திகளுக்குப் பாடினார்கள். பிள்ளை பிறந்தால் உபதேசியாரே தண்ணீர் ஊற்றினார். பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது ஊர்கள் இருந்தன.

அரசன் மாறினால் மக்களும் மாறுவார்கள் என்ற சிலாவியக் கணக்கு நம் பக்கத்தில் பலிக்கவில்லை என்பதற்கு இலங்கையில் தெளிவான சான்று இருக்கிறது. கோட்டே அரசன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்று தொன் ஜுவான் ஆனான். குடிமக்கள் பின்னால் போகவில்லை, அவனைவிட்டு விலகினார்கள். கடைசியில் போர்ச்சுகீசியர் கோட்டைக்குள் ஒதுங்கி, 1580இல் ராஜ்யத்தையே போர்ச்சுகல் மன்னனுக்கு எழுதிவைத்தான். அதற்கு முன்பே, 1544இல் மன்னாரில் வேதத்தில் சேர்ந்த அறுநூறு பேரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொன்றிருந்தான். அவர்களைச் சேரச் சொன்ன அரசன் யாரும் இல்லை. சேரக்கூடாது என்ற அரசனே எதிரே நின்றான், அவர்கள் சேர்ந்தார்கள்.

இத்தனை வருஷக் கதையில் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர் கிட்டத்தட்ட விளாதிமிர் நின்ற இடத்தில் நின்றார். அவரைத் தேடித்தான் திண்டுக்கல்லைவிட்டு மதுரை, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று தொண்டிச் சாலையில் கிழக்கே போனேன். மதுரையைத் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறுகிறது. கண்மாய்களும் பனையும் ஒற்றை வயல்களும். ஓரியூருக்குப் போகும் சாலை அவற்றின் நடுவே வளைந்து வளைந்து போகிறது.

தடியத் தேவர் சிறுவல்லிச் சிற்றரசர். இராமநாதபுரத்து அரியணைக்கு உரிமை பேசக்கூடிய வழியில் வந்தவர். ஆண்டுகொண்டிருந்தவர் ரகுநாத கிழவன் சேதுபதி. தடியத் தேவருக்குக் கடும் நோய். பார்க்காத வைத்தியம் இல்லை. ஓர் உபதேசியார் வந்து நற்செய்தி வாசித்துச் செபித்தார்; நோய் தீர்ந்தது. அந்த உபதேசியாரை அனுப்பியவரை நேரில் பார்க்கவேண்டும் என்றார் தேவர். அனுப்பியவர் ஜான் தெ பிரிட்டோ. 1647இல் லிஸ்பனில் பிறந்து, போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்து, 1673இல் இந்தியா வந்து, பண்டாரசாமியாக அருளானந்தர் என்ற பெயரோடு நடந்தவர். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, இனி இந்தச் சீமையில் காலெடுத்து வைக்கக்கூடாது என்று சேதுபதியே எச்சரித்து விட்டவர். ஐரோப்பா போனார். அங்கேயே இருந்திருக்கலாம், உடன் வளர்ந்தவன் இப்போது அரசன். திரும்பி வந்தார்.

தடியத் தேவருக்கு ஐந்து மனைவியர். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒருத்தியோடுதான் வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் ஒப்புக்கொண்டார். மற்ற நால்வரையும் கூப்பிட்டு, உங்களுக்கு வேண்டியதெல்லாம் தருவேன், ஆனால் இனி நான் கணவன் இல்லை என்றார். 1693 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் அன்று ஞானஸ்நானம் நடந்தது.

இந்த இடத்தில் விளாதிமிரின் மனைவியர் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தார்கள். கீவில் அவர்கள் யாரிடம் போய் முறையிட முடியும்? அரசனுக்கு மேல் அங்கே யாரும் இல்லை. சிறுவல்லியில் இளைய மனைவிக்குப் போக ஓர் இடம் இருந்தது. அவர் கிழவன் சேதுபதிக்கு உடன்பிறந்தார் மகள் முறை. நேரே இராமநாதபுரம் போனார். அவரைக் கதையின் தீயவராக்கிய பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முதல் நாள் வரை மனைவி, மறுநாள் ஒன்றுமில்லை என்றால் எந்தப் பெண்தான் பிறந்த வீட்டுக்குப் போய் நியாயம் கேட்கமாட்டாள்? கேட்டது அவர் உரிமை. கொன்றது அரசியல். அரியணைக்கு உரிமையுள்ள ஒருவன் புது மதத்தில் சேருகிறான், அவன் பின்னால் சனம் சேருகிறது என்றால், சேதுபதி அதைக் குடும்பச் சண்டையாக மட்டும் பார்த்திருக்க முடியாது. விளாதிமிருக்குக் கிரீடத்தின் பலத்தைக் கூட்டிய முழுக்கு, இங்கே கிரீடத்துக்கே ஆபத்தாகத் தெரிந்தது.

ஜனவரி 8இல் அருளானந்தரைப் பிடித்தார்கள். தடியத் தேவர் இராமநாதபுரத்தில் அவருக்காக வாதாடினார். தலைநகரில் வைத்துக் கொன்றால் கலகம் வரும் என்று, ஓரியூரை ஆண்ட தன் தம்பி உடையத் தேவரிடம் அனுப்பினார் சேதுபதி. ஓரியூர்ச் சிறையில் மையில்லை; கரியைக் குழைத்துத் துரும்பால் தன் சபையாருக்குக் கடிதம் எழுதினார் அருளானந்தர். பிப்ரவரி 4, புதன்கிழமை, ஆற்றங்கரை மணல்மேட்டில் தலையை வெட்டினார்கள்.

அந்த இடத்து மணல் சிவப்பு. சுற்றிலும் வேறு நிறம், அங்கே மட்டும் செம்மண் மேடு. அதைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோகிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள், நோயாளிகள், வழக்கில் மாட்டியவர்கள். 1853இல் ரோம் அவரை அருளாளர் என்றது. அதே ஆண்டில்தான் கீவ் நகரில் தினீப்பரைப் பார்த்தபடி விளாதிமிருக்குச் சிலை வைத்தார்கள். 1947 ஜூனில் அருளானந்தர் புனிதர் ஆனார். ரோமின் பட்டியலுக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சனங்கள் அவரைத் தங்கள் சாமியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கோயில் முற்றத்தில் ஒரு குடும்பம் பிள்ளைக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் நெற்றியில் குங்குமம், அப்பாவின் கையில் கருப்பசாமி கோயில் கயிறு. எந்த ஊர் என்று கேட்டேன்.

“தேவகோட்டப் பக்கம்ணே. எங்க வீட்ல மொத முடி இங்கதான் எறக்குவோம்.”

“நீங்க வேதக்காரங்களா?”

“இல்லண்ணே. எங்க ஆளுக வெட்டுன சாமிதானே இவரு. நாங்கதான கும்பிடணும்?”

வெகுநேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்டவர் தெய்வமாவதும், வெட்டிய குலம் அவருக்கு முடி இறக்குவதும் மறவர் சீமைக்குப் புதிதல்ல. வழியெங்கும் நிற்கும் பட்டவன் கோயில்களில் பாதி அப்படி வந்தவைதான். லிஸ்பன் அரண்மனைப் பிள்ளை அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறார்.

தடியத் தேவருக்கு எங்கும் சிலை இல்லை. அவருக்குப் பின்னால் மறவர் சீமை ஆற்றில் இறங்கவில்லை. இறங்கியவர்கள் முன்பு போலவே குடும்பம் குடும்பமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொலைக்குப் பிறகு இன்னும் அதிகமாக. கீவில் அரசனின் வாள் மக்களைத் தண்ணீரில் தள்ளியது; இங்கே தடுக்க வந்த அதே வாள் அவர்களுக்கு ஒரு புனிதரைக் கொடுத்தது.

திரும்பும் வழியில் சருகணியில் இறங்கினேன். இங்குள்ள சர்வேசுரன் கோயிலுக்குத் தேர் கொடுத்தவர்கள், மானியம் விட்டவர்கள் சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள். முழுகச் சொல்லி அவர்களை யாரும் கேட்டதாகவோ, அவர்கள் நினைத்ததாகவோ கதை இல்லை. சனங்கள் கும்பிடுகிற இடத்துக்கு அரசன் செய்யவேண்டியதைச் செய்தார்கள். அடுத்த நிறுத்தம் காளையார்கோவில். அங்கே சிவன் கோயிலின் பெரிய கோபுரத்தைக் கட்டியதும் அவர்கள்தான். 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் கும்பினியார் தூக்கிலிட்ட பிறகு, அவர்கள் விருப்பப்படி அந்தக் கோபுரத்துக்கு எதிரே புதைத்தார்கள்.

நம் ஊர் அரசர்களின் வழி இதுதான் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. நொபிலியைச் சிறையில் வைத்த திருமலை நாயக்கரின் ஆட்சியிலேயே பிறகு அனுமதியும் கிடைத்தது. ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவரின் மருந்தால் பிளவை ஆறிய அரியலூர் மழவராயர், முழுகுவதற்குப் பதிலாக மாதா கோயிலுக்கு நிலம் எழுதிக்கொடுத்தார். அந்தக் கல்வெட்டை இன்னும் நான் நேரில் பார்க்கவில்லை. மழை ஓய்ந்ததும் கொள்ளிடக் கரைக்குப் போகவேண்டும்.